கேட்டவர் சுமக்க வேண்டும்

சத்தத்தைக் கேட்டவர்தான் சுமக்க வேண்டும். எழுப்பியவர் சுமக்க வேண்டியதில்லை. இதுதான் சட்டம். பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே தோளில் ஒரு துணிப்பையை மாட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு காதில் விழுவதெல்லாம் பையிலும் விழும். லாரி ஹாரன் சல்லிக்கல்லாக விழும். மிக்ஸி ஓடினால் ஆற்றுமணல். அம்மா கூப்பிடும் குரல் கல்லுப்பு. யாரும் பேசாத, எதுவும் ஓடாத ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் பையில் இருப்பது தானாகக் கரைந்துபோகும். குப்பையில் கொட்டிப் பிரயோஜனமில்லை. வீட்டுக்கு வருவதற்குள் திரும்பவும் பைக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்.

பெரும்பாலானவர்களுக்கு இதில் ஒரு தொந்தரவும் இல்லை. அவர்களுடைய காது வேண்டியதை உள்ளே விட்டு மற்றதை வாசலிலேயே அனுப்பிவிடும். சாயங்காலம் வீடு திரும்பும்போது பையில் ஒரு கைப்பிடி தேறினால் பெரிது. கை கால் கழுவி வருவதற்குள் அதுவும் கரைந்துவிடும். அப்படிப்பட்டவர்கள்தான் சட்டம் போட்டார்கள்.

செண்பகவல்லியின் காது எதையும் வாசலில் நிறுத்தாது. டியூப்லைட்டின் முனகல், பக்கத்து அறையில் ஒருவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவது, மாடியில் நாற்காலி இழுபடுவது, இதையெல்லாம் தாண்டி எதிரில் இருப்பவர் சொல்லும் விஷயம், எல்லாம் ஒரே மரியாதையோடு உள்ளே வரும். திருநெல்வேலியில் பஸ் ஏறிப் பல்கலைக்கழக வாசலில் இறங்குவதற்குள் அவள் பை நிறைந்துவிடும். அதனால் அரிசிச் சாக்கு ஒன்றும் கூடவே வைத்திருந்தாள். டாக்டர் அவளை ஒரு மத்தியானம் முழுக்கப் பேச வைத்துப் பார்த்துவிட்டு, ஆட்டிசம் என்று ஒரே சொல்லில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் நீட்டினாள்.

"இது எத்தனை வயசுல சரியாவும்?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

"ஆகாது சார்."

"அப்ப லீவு லெட்டர் ஒண்ணு எழுதிக் குடுத்துருங்க."

எதற்கு லீவு என்று அவளுக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது. ஆனால் கேட்க ஆள் இல்லாத இடத்தில் எதையும் சொல்லலாம்.

அவளுடைய ஆராய்ச்சி நெல்லைப் பற்றியது. கிடங்கில் அடுக்கிய மூட்டைகளுக்குள் கூன்வண்டின் புழு ஒரு நெல்மணிக்குள் ஒளிந்துகொண்டு அரிசியைத் தின்னும். வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. செண்பகவல்லி மூட்டையில் காதை வைத்துக் கேட்பாள். புழு இருக்கிறதா, எவ்வளவு வளர்ந்திருக்கிறது, எந்த மூட்டையை முதலில் பிரிக்க வேண்டும் என்று சொல்வாள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கருவி உதட்டைப் பிதுக்கிய இடத்தில் அவள் சொன்னது சரியாக இருந்தது. துறையில் எல்லாரும் மெச்சினார்கள். அந்தக் காது அவர்களுக்கு வேண்டும். காதோடு சேர்ந்து வரும் சாக்கு மட்டும் வேண்டாம்.

அவளுடைய நெறியாளர் பேராசிரியர் தணிகாசலம், துறைத்தலைவர். பல்கலைக்கழகத்திலேயே மிக லேசான பை அவருடையது. பதவி உயர்வுக்குப் பையைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள் என்பதால் அவர் விறுவிறுவென்று மேலே வந்தவர். ஆராய்ச்சி மாணவர்கள் அவர் அறைக்குள் போய்க் குறை சொல்லி, கெஞ்சி, அழுதுவிட்டு வெளியே வருவார்கள். அவர் பையில் ஒரு துரும்பு விழுந்திருக்காது. "தங்கமான மனுசன், எதையும் மனசுல வச்சுக்கிட மாட்டார்" என்று வெளியே பேசிக்கொள்வார்கள். மனசு வரை எது போனது, வைத்துக்கொள்வதற்கு?

கருத்தரங்குக்கும் ஒரு விதி உண்டு. வாசித்த கட்டுரை, கேட்டவர் ஒருவருடைய பையிலாவது இருக்க வேண்டும். இருந்தால் அது வாசித்தவருக்குச் சொந்தம். ஒருவர் பையிலும் இல்லாவிட்டால் கட்டுரை "வாசித்ததாகக் கொள்ளப்படும்." அப்படிக் கொள்ளப்பட்ட கட்டுரை நெறியாளர் பெயருக்குப் போய்விடும். பையைத் திறந்து பார்க்கும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே எல்லாக் கட்டுரையும் வாசித்ததாகக் கொள்ளப்பட்டு, நெறியாளர்கள் எழுதாமலே எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். செண்பகவல்லியின் முந்தைய கட்டுரைகள் அப்படித்தான் போயின. இந்தக் கூன்வண்டுக் கட்டுரையாவது அவள் பெயரில் நிற்க வேண்டும். நின்றால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். இதுவும் போனால் அவளுடைய பதிவுக் காலம் முடிந்துவிடும். அத்தனை மூட்டைகளிலும் காதை வைத்ததெல்லாம் வேறொருவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கருத்தரங்கு கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில். பன்னாட்டுக் கருத்தரங்கம். நேபாளத்திலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. செண்பகவல்லி நெறியாளரிடம் போய்க் கேட்டாள்.

"சார், வாசிக்கதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஒரு ரூம் வேணும். சத்தமில்லாம. பை கரையட்டும்னு பாக்கேன்."

"எல்லாருக்குந்தாம்மா கேக்கு. நீ எதுக்கு எல்லாத்தையும் போய் இழுத்துப் போட்டுக்கிடுத? கண்டுக்காம விடு."

"எப்படி சார் கண்டுக்காம விடதுக்கு? மொதல்ல என்ன செய்யணும்?"

அவள் நிஜமாகத்தான் கேட்டாள். செய்முறை இருந்தால் எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவையும் கையில் வைத்திருந்தாள். அந்தக் கேள்வி அவர் பையில் விழவில்லை.

முந்தைய நாளே தனியாகப் போய், ஒரு விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவளுடைய திட்டம். அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. நெறியாளர் கருத்தரங்குக்குப் போகும்போது ஆராய்ச்சி மாணவர்கள் கூடப் போக வேண்டும், அவருடைய பையைச் சுமக்க வேண்டும். பை அவரவர் தோளில் இருக்க வேண்டும் என்ற சட்டத்தில் நெறியாளர்களுக்கு மட்டும் விலக்கு. அவர் பையைச் சுமப்பவர்கள் அதைத் தோளில் மாட்டக் கூடாது. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போக வேண்டும். உள்ளே ஒன்றுமே இல்லை என்றாலும் ஏந்தத்தான் வேண்டும். புறப்பட்ட அன்று செண்பகவல்லியின் முறை. நிலோஃபர் என்ற இன்னொரு ஆராய்ச்சி மாணவி பிளாட்பாரத்தில் அவளைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"குடுட்டி, நான் ஏந்துதேன். ஒன் சாக்கை இழுக்கதுக்கே ஒனக்குக் கை பத்தாது."

பகல் வண்டி. பெட்டியில் ஏறியதுமே எதிர் சீட்டு ஆள் செல்போனில் ஒரு காமெடித் துண்டைப் போட்டான். இயர்போன் இல்லை. அந்தத் துண்டு முடிந்ததும் அதையே திரும்பப் போட்டான். ஒவ்வொரு தடவையும் அதில் வரும் சிரிப்புச் சத்தம் உடைந்த வளையல் துண்டுகளாக அவள் பையில் கொட்டியது. காபி, டீ என்று ஒருவர் பெட்டியின் அந்தக் கோடியில் ஆரம்பித்து இந்தக் கோடி வரை வந்தார். முறுக்குப் பொட்டலம் பிரிந்தது. மேலே மின்விசிறி தன் கூண்டில் உரசிக்கொண்டே சுற்றியது. ஒரு குழந்தை அழுதது. அதைச் சமாதானப்படுத்த ஆறு பேர் சேர்ந்து அழுகையைவிடப் பெரிதாகக் கை தட்டினார்கள்.

"அண்ணே, கொஞ்சம் சத்தத்தைக் கொறைச்சுக்கிடுங்க" என்றாள் எதிர் சீட்டு ஆளிடம்.

"என் போன்ல நான் பாக்கேன். ஒனக்கென்ன?"

"நீங்க பாக்கீங்க. சுமக்கது நானு. ஒங்க பையைப் பாருங்க."

அவன் தன் பையை விரித்துப் பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை. பக்கத்திலிருந்த மனைவியிடமும் பெருமையாகக் காட்டினான். டிக்கெட் பரிசோதகர் வந்தபோது செண்பகவல்லி முறையிட்டாள். அவர் இரண்டு பேர் பையையும் தொட்டுப் பார்த்துவிட்டு, அதிகச் சுமை ஏற்றிய குற்றத்துக்கு அவளைக் கண்டித்துவிட்டுப் போனார்.

அவளுக்குக் கோபம் வந்தது. கண்ணீர் வருகிற மாதிரியான கோபம் இல்லை. சூடாக ஏறி, பல்லைக் கடிக்க வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரிக்க வைக்கும் கோபம். அவள் மடக்கி விரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்தாள். பெட்டியில் யாருடைய பையிலும் அந்தக் கோபம் விழவில்லை.

தணிகாசலம் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தார். சிறப்பு விருந்தினர் தன்னோடு படித்தவர் என்றார். அவருக்குத் தன் மேல் எவ்வளவு மரியாதை என்றார். மதுரை வந்தது, திண்டுக்கல் வந்தது, மரியாதை முடியவில்லை. அவருடைய குரல் உமியாக விழும். எடை கிடையாது, ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும். பழனி தாண்டியபோது செண்பகவல்லியின் சாக்கு பிதுங்கியது. மடித்து வைத்திருந்த இன்னொரு சாக்கைப் பிரித்தாள். கோயம்புத்தூர் வருவதற்குள் மூன்றாவதையும் பிரிக்க வேண்டியிருந்தது. அடுத்தவர் கேட்டதைச் சுமட்டுக்காரர்கள் தொடக் கூடாது. அவள் ஒவ்வொன்றாக இழுத்து வைத்து, திரும்பிப் போய் அடுத்ததை இழுத்து வந்தாள். நெறியாளர் கை வீசி நடந்தார். நிலோஃபர் அவருடைய பையை ஏந்தியபடி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை கல்லூரி வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர். விடுதியில் மாணவிகள் இருவருக்கும் தந்த அறை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகவே மூன்று சாக்கும் கரையாமல் அப்படியே வந்திருந்தன. கருத்தரங்கின் ஒருங்கிணைப்பாளர் முனைவர் சுலோச்சனா பட்டுச்சேலையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஓடியாடிக்கொண்டிருந்தார். செண்பகவல்லி அவரை மறித்தாள்.

"மேடம், ரூம் கேட்டு மெயில் போட்டிருந்தேன். எல்லா ஏற்பாடும் சிறப்பா செஞ்சிருக்கோம்னு பதில் வந்துச்சு."

"ரூம் இருக்குதுங்க. சத்தமே வராதுங்க, நல்ல ரூம்பு. சீஃப் கெஸ்டுக்குன்னு போட்டாச்சுங்க."

"அவர் பையில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. அதனாலதானுங்க அவரு சீஃப் கெஸ்ட்டு."

சிறப்பு விருந்தினர் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முந்திரிப் பருப்பு சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தார். அந்த அறையில் அவ்வளவு அமைதி இருந்தது, கரைப்பதற்கு ஒரு பிடி மணல்கூட இல்லாமல் வீணாகப் போனது. கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்கள்.

செண்பகவல்லி நிகழ்ச்சி நிரலை மனப்பாடம் செய்திருந்தாள். குத்துவிளக்கு, வரவேற்பு, தொடக்கவுரை, தேநீர், பிறகு அவள் கட்டுரை. தேநீர் இடைவேளையில் எந்தப் படிக்கட்டின் கீழ் போய் நிற்பது என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். ஆனால் விளக்கில் ஐந்து முகம் இருந்தது. ஏற்ற வேண்டியவர்கள் அதற்குமேல் இருந்தார்கள். ஏற்றியதை அணைத்துவிட்டு மறுபடியும் ஏற்றினார்கள். மைக் வீல் என்று கத்தியது. ஹலோ ஹலோ என்று ஒருவர் அதைத் தட்டினார். பொன்னாடைகள் வந்தன. முதலில் சிறப்பு விருந்தினருக்குப் போர்த்தினார்கள். அவர் அதைக் கழற்றி முதல்வருக்குப் போர்த்தினார். முதல்வர் தாளாளருக்கு. தாளாளர் தணிகாசலத்துக்கு. தணிகாசலம் கண் கலங்கிச் சிறப்பு விருந்தினருக்கே திரும்பப் போர்த்தினார். ஒவ்வொரு போர்த்தலுக்கும் ஒரு கைதட்டல், ஒரு புகைப்படம். நேபாளத்துக்காரர் வரவில்லை. அவர் வராததற்கும் ஒரு பொன்னாடை போர்த்தி, அதை நாற்காலியில் மடித்து வைத்தார்கள்.

பேசியவர்கள் எல்லாரும் "நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்" என்று தொடங்கினார்கள். தொடங்கினார்களே தவிர யாரும் முடிக்கவில்லை. வாய் கிழியப் பேசினார்கள். அரங்கில் இருந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டும், செல்போனைத் தடவிக்கொண்டும், சரியான இடத்தில் கைதட்டிக்கொண்டும் இருந்தார்கள். அவர்களுடைய பைகள் மடிப்புக் கலையாமல் மடியில் கிடந்தன. அத்தனை பேச்சும் பின்வரிசையில் ஒருத்தியின் சாக்கில் விழுந்துகொண்டிருந்தது. செண்பகவல்லி முன்னும் பின்னும் மெல்ல ஆடினாள். விரல்களை மடக்கி விரித்தாள். தன்னார்வலர் அட்டை அணிந்த ஒரு மாணவி குனிந்து வந்து சொன்னாள்:

"மேம், கைய ஆட்டாதீங்க மேம். போட்டோல விழுகுது."

செண்பகவல்லி கையை நிறுத்தினாள். நிறுத்திய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். எல்லாரும் எழுப்புகிற சத்தத்தை அவள் சுமக்கலாம். அவள் சத்தமில்லாமல் விரலை ஆட்டினால் அது போட்டோவில் விழுகிறது.

தேநீர் வரவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தது. சுலோச்சனா மேடையேறினார்.

"நேரம் ஆயிட்டதால கட்டுரைகள் எல்லாமே வாசித்ததாகக் கொள்ளப்படும். சர்ட்டிபிகேட்ட டைனிங் ஹாலிலேயே வாங்கிக்கலாமுங்க."

அன்று காலையிலிருந்து எழுந்ததிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான். பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். செண்பகவல்லியும் எழுந்தாள்.

"நான் வாசிக்கல."

"வாசிச்சதா எடுத்துக்கிட்டோமுங்க."

"நான் வாசிக்கவே இல்ல. வாசிக்காததை எப்படி எடுத்துக்கிடுவீங்க?"

தணிகாசலம் முன்வரிசை சோபாவிலிருந்து திரும்பாமலே கையை அசைத்தார். "யம்மா, உக்காரு. யார் பேர்ல வந்தா என்ன, பேர்ல என்ன இருக்கு? துறைக்குத்தானே பெருமை."

"பேர்ல ஒண்ணும் இல்லன்னா என் பேராவே இருக்கட்டும் சார்."

அவள் சாக்குகளை முன்னால் இழுத்து வந்தாள். மேடைக்குக் கைப்பை மட்டும்தான் அனுமதி என்றார் சுலோச்சனா, பலகை தாங்காது என்றார். செண்பகவல்லி மேடைக்குக் கீழேயே நின்றாள். மைக்செட்காரர் சாப்பிடப் போய்விட்டார். அவள் மைக் இல்லாமலே வாசிக்கத் தொடங்கினாள். யார் கண்ணையும் பார்க்கவில்லை, குத்துவிளக்கின் அடித்தண்டைப் பார்த்துக்கொண்டு வாசித்தாள். குரலை எங்கே ஏற்றுவது எங்கே இறக்குவது என்று அவளுக்கு வராது. ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், ஒரு வரியும் விடாமல், அடிக்குறிப்புகளையும் சேர்த்து வாசித்தாள். எழுந்தவர்கள் நின்றபடி பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கூடத்தில் தட்டுகளை அடுக்கினார்கள். பாதிக் கட்டுரையில் அவள் நிறுத்தினாள்.

"காலையிலேருந்து நீங்க போட்ட சத்தம் பூராத்தையும் நான் சுமந்துக்கிட்டு நிக்கேன். நேத்து ரயில்ல போட்டது, ராத்திரி ஜெனரேட்டர் போட்டது, எல்லாம் இந்தச் சாக்குல இருக்கு. நான் சொல்லதுல ஒரு மணியை ஒருத்தராவது சுமந்தீங்களா? வெக்கமா இல்ல ஒங்களுக்கு? எனக்குக் கோவம் வருது. கோவம் வருதுன்னு சொல்லுதேன், அதுவாவது விழுதா?"

விழவில்லை. முன்வரிசையில் ஒருவர் கைதட்டும் இடம் என்று நினைத்துத் தட்டினார். அவள் விட்ட வரியிலிருந்து தொடர்ந்து, கடைசி வரி வரை வாசித்து முடித்தாள்.

"இப்பப் பையைப் பாருங்க" என்றாள் சுலோச்சனாவிடம்.

"அந்த வழக்கம் இல்லீங்களே."

"விதி இருக்குல்லா. கேட்டவர் பையில இருக்கணும்னு. நீங்க பாக்காம இல்லன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

விதி இருந்தது. ஒருவரும் கேட்டதில்லை என்பதற்காக விதி இல்லாமல் போய்விடாது. தன்னார்வலர் மாணவிகள் வரிசை வரிசையாகப் போய்ப் பைகளை விரித்துப் பார்த்தார்கள். ஒரு பையில் தட்டுச் சத்தம் தகரத் துண்டுகளாகக் கிடந்தது. இன்னொன்றில் செல்போன் மணி. சிறப்பு விருந்தினரின் பையில் முந்திரிப் பருப்பை அவரே மென்ற சத்தம் கொஞ்சம். நிலோஃபர் தன் பையைத் தானே திறந்து காட்டினாள். உள்ளே உமி மட்டும் இருந்தது.

"நான் கேக்கணும்னுதான் உக்காந்திருந்தேன் செண்பா" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. "சார் திரும்பிப் போகதுக்கு எந்த வண்டின்னு பேசிக்கிட்டே இருந்தாரு."

தணிகாசலத்தின் பை அவள் கையில்தான் இருந்தது. அதையும் விரித்தார்கள். தைத்த நாளில் இருந்தபடியே இருந்தது.

"ஒருத்தரு பையிலயும் இல்லீங்க" என்றார் சுலோச்சனா. "அப்போ வாசிச்சதா எடுத்துக்கறதுதானுங்க மொறை."

செண்பகவல்லி மூன்றாவது சாக்கின் கட்டை அவிழ்த்தாள். மேலே நெல் கிடந்தது. கல்லுக்கும் மணலுக்கும் வளையல் துண்டுக்கும் உமிக்கும் மேலே, புதிதாக, பொன்னிறமாக.

"நான் கேட்டேன்" என்றாள்.

"நீங்கதானுங்க வாசிச்சீங்க."

"வாசிச்சவங்க கேக்கக் கூடாதுன்னு விதியில எங்கயாவது இருக்கா?"

சுலோச்சனா கண்ணை மூடி விதியை ஆரம்பத்திலிருந்து முணுமுணுத்தார். எங்கும் அப்படி இல்லை. வாசிக்கிறவர் தான் வாசிப்பதைக் கேட்கக்கூடும் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றியே இருக்காது. அவர் சாக்கில் கையை விட்டு ஒரு நெல்லை எடுத்தார், முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார்.

"நல்லா முத்தின நெல்லுங்க" என்றார். "உங்க பேருல போட்டர்றேன்."

சான்றிதழில் அவள் பெயரை எழுதி முத்திரை குத்தினார். செண்பகவல்லி தன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு மடித்து உள்ளே வைத்தாள். சந்தோஷம் வரும் என்று சற்று நேரம் காத்திருந்தாள். கோபம்தான் இருந்தது, சூடு குறையாமல். ஒரு மனுஷி தன் கட்டுரையைத் தானே கேட்டுத் தானே சுமக்க வேண்டியிருந்ததற்கு எதற்காகச் சந்தோஷப்பட வேண்டும்?

அரங்கு காலியாகிக்கொண்டிருந்தது. தணிகாசலம் எழுந்து வந்தார். அவிழ்ந்து கிடந்த சாக்கில் நெல்லைத் தள்ளிவிட்டு, அடியிலிருந்து ஒரு கை அள்ளினார்.

"இது என்னதும்மா?"

"ஒங்க குரல் சார். நேத்து ரயில்ல பேசினது."

அவர் அந்த உமியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். தன் குரலை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஊதிப் பார்க்கவில்லை. பறந்துவிடும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

"நான் வாசிச்ச ஒண்ணையும் எந்த ஊர்லயும் யாரும் கேட்டதில்லம்மா" என்றார் மெதுவாக. "எல்லாம் வாசித்ததாத்தான் இருக்கு. ஒனக்குத்தான் கேக்குதே. ஒரே ஒரு கட்டுரை. சின்னதுதான். கொஞ்சம் உக்காரு."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த உமியைப் பார்த்தாள். இரக்கம் வருகிறதா என்று தன்னைத் தானே நேர்மையாகத் தேடிப் பார்த்தாள். வரவில்லை.

"முடியாது சார். எனக்குப் பசிக்கு."

"நெறியாளர் சொல்லுதேன்லாம்மா."

"முடியாது சார்."

அவர் மேடையேறினார். செத்துப்போன மைக்கின் முன் நின்று, சட்டைப் பையிலிருந்து தாள்களை எடுத்து, நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன் என்று தொடங்கினார். செண்பகவல்லி சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தினாள்.

உணவுக்கூடத்தில் முதல் பந்தி முடிந்திருந்தது. சான்றிதழ் வாங்கியவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ளப் புல்வெளிக்குப் போய்விட்டார்கள். நிலோஃபர் கை கழுவப் போயிருந்தாள். சுவரோரமாக ஓர் இலை பார்த்து, இடது கையைப் பழையபடி தொடைக்கடியில் வைத்துக்கொண்டு செண்பகவல்லி உட்கார்ந்தாள். சோறு வந்தது, சாம்பார் வந்தது. அவள் பொரியலைச் சாம்பாரில் படாமல் தள்ளி வைத்தாள்.

அரங்கின் கதவு திறந்தது. பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகள் முதலில் தாமாகவே வெளியே வந்தன. ஒன்றையொன்று தள்ளாமல், வரிசையாக, நடைபாதையைத் தாண்டி உணவுக்கூடத்துக்குள் வந்தன. அடுத்து நடுவரிசை. கடைசியில் வெள்ளைத் துண்டு விரித்த முன்வரிசை சோபாக்கள், கனம் அதிகம் என்பதால் மெதுவாக வந்தன. கதவு மூடுவதற்குள் தணிகாசலத்தின் குரலில் ஒரு வாக்கியம் கேட்டது. நாற்காலிகள் இடம் பார்த்து நின்றுகொண்டன. பரிமாறுகிறவர் ஒவ்வொன்றின் முன்னும் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு வைத்துக்கொண்டே வந்தார். செண்பகவல்லிக்குப் பக்கத்தில் நின்ற நாற்காலி எதுவும் பேசவில்லை. அவள் தொடைக்கடியிலிருந்து இடது கையை எடுத்து, விரல்களை விருப்பம்போல மடக்கி விரித்துக்கொண்டு சாப்பிட்டாள்.

"ஏனுங்க, இவங்களுக்கு ரசம் ஊத்தறதுங்களா, மோருங்களா?" என்றார் பரிமாறுகிறவர், வாளியைச் சாய்த்தபடி.

அவள் நாற்காலியைப் பார்த்தாள்.

"மோர்" என்றாள்.